சித்தி சொன்ன செய்தி

காலையில் எழுந்ததும் நான் பார்ப்பவை மூன்று. வானம், பூனை, பத்திரிகை. வானத்தைப் பார்ப்பது முப்பத்தெட்டு வருட ரயில்வே வேலை தந்த பழக்கம். பூனையைப் பார்க்கக் காரணம், அது வாசல்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பத்திரிகை மூன்றாவதாக வருவதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பேப்பர் போடும் பையன் ஆறரை மணிக்குத்தான் வருகிறான்.

பத்திரிகை வந்ததும் நான் முதலில் தேடுவது வானிலைக் கட்டம். நாக்பூருக்கு ஒரு பார்வை, சென்னைக்கு ஒரு பார்வை. சொந்த மாநிலம் விட்டு வந்த நம் எல்லோருக்குமே இரண்டு வானிலை உண்டு. ஒன்று உடம்புக்கு, மற்றொன்று மனசுக்கு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அக்காவின் போன் இரண்டு நாள் பேசவில்லை. இங்கே நாக்பூரில் இதமான குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெயில் காய்ந்தபடி, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கையில் வைத்திருக்கிறேன். தொண்டையில் இறங்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதைதான். மே மாதம் வந்துவிட்டால் கதை திரும்பிவிடும். அக்கா அங்கிருந்து போன் செய்வாள். "தம்பி, நாக்பூர்ல இன்னிக்கு 45ன்னு போட்டிருக்கானே, வெளியில தலைய காட்டாதே" என்பாள். அறுபதைத் தாண்டிய எனக்கு இன்னும் இப்படி ஒருவர் சொல்ல இருப்பது பாக்கியம்தான்.

முன்பெல்லாம் செய்தி நிதானமாக வரும். நான் வேலையில் சேர்ந்த எண்பதுகளில் சென்னைத் தமிழ்ப் பத்திரிகை கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள்தான் எங்கள் கைக்கு வரும். உடனடிச் செய்தி வேண்டுமானால் டில்லி ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரல் கேட்டால் காலனியில் நாலு தமிழ் வீட்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் பேசும். அந்த அம்மையார் 2022 ஆகஸ்டில் காலமானார் என்று படித்தபோது வீட்டுப் பெரியவர் ஒருவர் போனது போல் இருந்தது. இன்று செய்தி பாலுக்கு முன்னால் வந்துவிடுகிறது. பால் கெட்டுப்போனால் மூக்கு சொல்லிவிடும். செய்தி கெட்டுப்போனால் சொல்லத்தான் ஆளில்லை.

பூனை பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே!

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஸ்கூட்டர் உறைக்கு அடியில் ஒண்ட வந்தது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் கோடு. பக்கத்து வீட்டு மராத்திக் குழந்தைகள் அதைப் பார்த்ததும் "வாகாச்சி மாவ்ஷி" என்று கத்தினார்கள். வாக் என்றால் புலி. மாவ்ஷி என்றால் அம்மாவின் சகோதரி. புலியின் சித்தி! பென்ச், தாடோபா என்று இரண்டு பக்கமும் புலிக்காடு உள்ள விதர்பாவில் இது சாதாரண உறவு இல்லை. மாவ்ஷி என்ற சொல் என் மனைவியின் வாயில் நுழையாமல் மொழிபெயர்ந்து "சித்தி" ஆகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் "சித்தி சாப்பிட்டாச்சா?", "சித்தி எலி பிடிச்சாச்சு" என்றெல்லாம் பேச்சு நடக்கும். ஊரிலிருந்து வந்த என் மைத்துனி ஒருத்தி ஒரு நாள் முழுக்கக் குழம்பிப் போனாள்.

சித்திக்குத் தயிர்சாதம் பிடிக்கும். பாயசத்தை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. என் மனைவிக்கு இதில் மனத்தாங்கல். பிறகு ஒரு விஞ்ஞானக் கட்டுரையில் படித்தேன். பூனை இனத்துக்கே இனிப்புச் சுவை தெரியாதாம். அதை உணரும் மரபணு அவற்றுக்கு வேலை செய்வதில்லை. சமையலில் குறையில்லை என்று தெரிந்ததும் வீட்டில் சமாதானம் ஏற்பட்டது.

ஜப்பானில் வாகயாமா பக்கம் கிஷி என்ற சிறிய ரயில் நிலையத்தில் 2007ல் தாமா என்ற பூனையை ஸ்டேஷன் மாஸ்டராகவே நியமித்தார்கள். தொப்பி உண்டு. அதைப் பார்க்கவே கூட்டம் வந்து, நஷ்டத்தில் ஓடிய பாதை பிழைத்தது. 2015ல் அது இறந்ததும் இன்னொரு பூனைக்குப் பதவி போயிற்று. டிப்ளமோ படித்துவிட்டு 'பி.டபிள்யூ.ஐ.' ஆகச் சேர்ந்து, படிப்படியாக ஏறிய எனக்கு இந்த நேரடி நியமனத்தில் சற்றுப் பொறாமைதான்.

ஆனால் சித்தியிடம் நான் மதிக்கும் விஷயம் வேறு. வெயில் கணக்கில் அதை மிஞ்ச ஆளில்லை. பூனைக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்து மெத்தைகளில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி உடம்பை நக்கி நக்கி எச்சில் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்ந்துகொள்ள வேண்டும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் விட்டு நாம் ஓட்டும் கூலரும் இதே தத்துவம்தான். அதனால் அது இடம் பார்த்துப் படுக்கும். காலை ஒன்பது வரை ஜன்னல் திட்டு. பதினொன்றுக்குக் குளியலறை மொசைக் தரை. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், கூலருக்குக் கீழே. சொட்டுத் தண்ணீரில் அங்கே ஒரு முழம் சிமென்ட் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். மே மாதத்தில் அந்த ஒரு முழம் சித்தியின் சொந்த நிலம். பட்டா மட்டும்தான் இல்லை.

நம் ஊரில் அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடும். "கத்திரி முடிஞ்சாச்சு" என்று அக்கா அங்கே நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரத்தில்தான் இங்கே "நவ்தபா" உச்சத்தில் இருக்கும். சூரியன் ரோகிணிக்குள் நுழைந்ததும் எண்ணப்படும் முதல் ஒன்பது நாள் அது. கத்திரி முடிவதும் ரோகிணியின் முதல் பாதத்தோடுதான். ஆக, அங்கே சூரியன் விடைபெறும் வாசலில் இங்கே வரவேற்பு நடக்கிறது. 'லூ' என்னும் அனல் காற்று வீசும். சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு. பெண்கள் கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவார்கள்.

அப்படி ஒரு நவ்தபா நாள்தான் 2024 மே 30. தேர்தலின் கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் இருந்தது. பிரதமர் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையில் தியானத்துக்கு வந்திருந்தார். டி.வி.யில் கன்னியாகுமரிக் கடல் காட்டுவார்கள், அடுத்த நிமிஷம் நாக்பூரைக் காட்டுவார்கள். எங்கள் ஊருக்கு என்ன அப்படித் திடீர்ப் புகழ் என்கிறீர்களா? நகரில் உள்ள தானியங்கி வானிலைக் கருவி ஒன்று 56 டிகிரி காட்டிவிட்டது!

இந்தியாவில் பதிவான உச்சமே 2016 மே 19ல் ராஜஸ்தான் பலோடியில் 51 டிகிரி. உலக உச்சம் 1913ல் அமெரிக்காவின் டெத் வேலியில் 56.7. நாக்பூர் அதைத் தொட்டுவிட்டது என்றால் சும்மா இருப்பார்களா? வாட்ஸ்அப்பில் அந்த எண் பறந்தது. அக்காவின் போன் வந்துவிட்டது. "தம்பி, 56ஆமே! ரெண்டு பேரும் உசிரோட இருக்கீங்களா?"

வானிலைத் துறை விசாரித்துவிட்டுக் கருவியின் சென்சார் கோளாறு என்று சொல்லிவிட்டது. வேறு சில கருவிகள் 44ஐ ஒட்டித்தான் காட்டியிருந்தன. அந்த விளக்கம் வருவதற்கு முன்பே நான் அக்காவிடம், "அது மெஷின் தப்பா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷம் தெர்மாமீட்டரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தத் தைரியம் உண்டு. ஆனால் அன்று பகலில் நான் செய்ததைச் சொன்னால் அந்தப் பெருமை நிற்காது.

மணி இரண்டு இருக்கும். கூலர் முழு வேகத்தில் இரைகிறது. அதை மிஞ்ச டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு 56 செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தி உள்ளே வந்து கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து, விடாமல். பசியோ என்று தயிர்சாதம் வைத்தாள் மனைவி. தொடவில்லை. சந்துக் கதவுவரை போகும், திரும்பிப் பார்த்துக் கத்தும்.

"பாம்பு கீம்பு வந்திருக்கப்போகுது, பாருங்க" என்றாள் மனைவி. தடியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கூலருக்குக் கீழே, அந்த ஒரு முழ ஈரத்தில், எங்கள் வீட்டுக்குக் காஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள் சுவரில் சாய்ந்து கிடந்தார். சிலிண்டர் வாசல் கேட்டருகே நின்றது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கூலர் இரைச்சலிலும் டி.வி. சத்தத்திலும் எங்களுக்குக் கேட்கவில்லை. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கூலர்தான்.

சித்தி மனிதாபிமானத்தால் கத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் இடத்தை வேறொருவர் ஆக்கிரமித்துவிட்டார் என்ற புகார்தான் அது. புகார் எப்படியிருந்தாலும் உரிய நேரத்தில் வந்தது.

"பாவூ" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்தார். பேச்சு குழறியது. எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. கையைத் தொட்டால் அடுப்புப் பக்கம் வைத்த பாத்திரம் போல் கொதித்தது. வெறும் களைப்பு என்றால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தால் போதும். பேச்சு குழறினால், ஆள் நிலை தடுமாறினால், அது வெப்ப அதிர்ச்சி. உடம்பின் உள்சூடு 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும். அப்போது ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. சட்டையைக் கழற்றி, பெட்ஷீட்டை நனைத்துப் போர்த்தி, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தோம். கழுத்து, அக்குள் இரண்டிலும் ஐஸ் சுற்றிய துணி. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். அதனால் மனைவியைத் தடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ கொண்டுவந்தான். ஈரத் துணியோடேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சலைன் ஏற்றினார்கள். இரவு எட்டு மணிக்கு அவர் என்னை அடையாளம் கண்டு "அண்ணா" என்றார். நாக்பூரில் தென்னாட்டுக்காரன் எவனும் அண்ணாதான்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படிக் கை தானா வந்தது?" என்று அன்றிரவு மனைவி கேட்டாள். அவளிடம் சொல்லாமலே இத்தனை வருஷம் வைத்திருந்ததை அன்று சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

1996 மே. ஒரு செக்ஷனில் நான் இளம் பி.டபிள்யூ.ஐ. வெயிலில் ரயில் தண்டவாளம் என்ன பாடுபடும் என்பது வெளியாருக்கு அவ்வளவாகத் தெரியாது. காற்று 45 டிகிரி என்றால் தண்டவாளம் 60ஐத் தாண்டிவிடும். கட்டில்லாமல் விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறும்போது ஒன்றரை அடி நீளும். ஆனால் வெல்டு செய்த தண்டவாளம் நீள வழியில்லை. நீள முடியாத நீளம் அத்தனையும் உள்ளே அழுத்தமாகத் தங்கிவிடும். 52 கிலோ ரக தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.6 டன். முப்பது டிகிரி ஏறினால் ஒவ்வொரு தண்டவாளத்துக்குள்ளும் சுமார் ஐம்பது டன் முட்டிக்கொண்டு நிற்கும். அதை நேராகப் பிடித்து வைத்திருப்பது ஸ்லீப்பரும், அதைச் சுற்றிக் கொட்டிய ஜல்லியும்தான். ஜல்லி தளர்ந்த இடத்தில் பாதை பாம்பு போல் ஒரு பக்கம் நெளிந்துவிடும்.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு ஒரு லெவல் கிராசிங் கேட்டிலிருந்து போன். பேசியவர் எங்கள் கீமேன். சுத்தியலும் கொடியும் தோளில் சுமந்து தினமும் தன் பாதையை நடந்து பார்ப்பவர். ஐம்பது வயது. "சாகேப், வளைவிலே பாதை சரியில்லை. பார்க்கிறபோதே நெளிகிற மாதிரி இருக்கு. உடனே வாங்க" என்றார். அந்த வளைவில் அந்த வாரம்தான் ஜல்லி சலித்துப் போட்டிருந்தோம். இறுகவில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் காலையில் நான் வைத்துப் பார்த்த தெர்மாமீட்டர் கணக்கு வரம்புக்குள் இருந்தது. வெயிலுக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்தேன். "வருகிறேன்" என்று வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம்.

அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. கலாசி ஒருவரை வளைவில் கொடியோடு நிறுத்திவிட்டு, வண்டி வரும் திசையில் ஓடினார். 600 மீட்டரில் தண்டவாளத்தில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் மூன்று. விதி அது. அந்த வெயிலில் ஜல்லிமேல் 1200 மீட்டர் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். கூட்ஸ் வண்டி ஒன்று வெடிச் சத்தம் கேட்டு, சிவப்புக் கொடி பார்த்து நின்றது. நான் டிராலியில் போய்ச் சேர்ந்தபோது பாதை வளைவில் ஒரு சாண் விலகியிருந்தது. தண்டவாளத்தில் காந்தத் தெர்மாமீட்டரை ஒட்டிப் பார்த்தேன். 63. கீமேன் எஞ்சின் நிழலில் கிடந்தார். பேச்சு குழறியது. டிரைவர் தன் தண்ணீர்க் கூஜாவை அவர் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வெப்ப அதிர்ச்சி என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன்.

அவர் பிழைத்தார். ஆனால் பழைய தெம்பு வரவில்லை.

அறிக்கை எழுதியது நான். "தகவல் கிடைத்தவுடன் விரைந்து சென்றேன்" என்று எழுதினேன். கீமேன் பன்னிரண்டரைக்கே சொன்னார் என்பதையும், நான் முக்கால் மணி நேரம் தாமதித்தேன் என்பதையும் எழுதவில்லை. நேரத்தைச் சொன்னால் என் தாமதம் வெளியே வரும். அதனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெருமையில் பாதியும் காகிதத்தில் ஏறாமல் போயிற்று. அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். சில வருஷங்களில் காலமானதாகக் கேள்விப்பட்டேன். அந்த அறிக்கையைத் திருத்த இனி வழியில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: அன்று அந்த வண்டியைக் காப்பாற்றியவர் அவர் ஒருவரே. நான் இல்லை.

வானிலை அறிக்கையில் வரும் டிகிரி, தரையிலிருந்து நாலடி உயரத்தில், வெள்ளையடித்த பலகைப் பெட்டிக்குள், நிழலில் எடுத்த கணக்கு. அப்படித்தான் எடுக்க வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் வேலை பார்ப்பதில்லை. கீமேன் வெயிலில் நடக்கிறார். சிலிண்டர்காரர் வெயிலில் மாடி ஏறுகிறார். 56 என்பது பொய்ச் செய்தி என்று நான் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் ஒரு மனிதனைச் சாய்க்க 44 என்ற உண்மையே போதும் என்பதை எனக்கு அன்று பூனைதான் சொல்ல வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்துச் சிலிண்டர்காரர் வந்தார். முன்பு போலவே தோளில் சிலிண்டர். இறக்கி வைத்துவிட்டு, "மாவ்ஷி எங்கே அண்ணா?" என்றார். பையிலிருந்து ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பிரித்து சித்தியின் முன் வைத்தார். சித்தி முகர்ந்து பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் முகம் வாடியதைப் பார்த்து, அதற்கு இனிப்பே தெரியாது என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. அந்த பிஸ்கட்டை நாங்கள் மூவரும் டீயில் தோய்த்துச் சாப்பிட்டோம்.

இப்போது எங்கள் கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், கோணி சுற்றிய இரண்டு மண்பானைகள் இருக்கின்றன. மராத்தியில் இதைப் 'பாண்போயி' என்பார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல்தான். பக்கத்தில் ஒரு மர பெஞ்ச். உப்பு, சர்க்கரை, தண்ணீர் கலக்கும் கணக்கை மராத்தியிலும் இந்தியிலும் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். பித்தான் மழைக்கும் வெயிலுக்கும் தாங்காததால் காலிங் பெல்லை மாற்றி, கூலர் இரைச்சலை மீறிக் கேட்கும்படி பெரிதாக ஒன்று வைத்தாயிற்று.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராமநவமிக்கு நீர்மோரும் பானகமும் கொடுத்துவிட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். அதைக் கவிழ்க்காமல் ஜூன் மத்தியில் மழை இறங்கும்வரை வாசலில் வைத்தால் என்ன? செலவு அதிகமில்லை. ஒவ்வொரு தமிழ் வீட்டு வாசலிலும் ஒரு பானை, நிழலில் ஒரு இருக்கை. அவ்வளவுதான்.

கூலருக்குக் கீழே உள்ள இடம் மட்டும் சித்திக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை.